கையைத் தூக்கலாம் என்கிற தேதி

மகனே,

திங்கட்கிழமை காலை நீ வலப்பனைக்குப் போய் வேலையைப் பொறுப்பேற்கப் போகிறாய். உன் அம்மா இரண்டு நாட்களாக உன் பையை அடுக்குவதும் பிரிப்பதுமாக இருக்கிறாள். வலப்பனை ஏதோ கடல் தாண்டி இருப்பதுபோலக் கருவாட்டுப் பொட்டலத்தைத் துணிகளுக்கு நடுவே வைத்தாள், மணக்கும் என்று வெளியே எடுத்தாள், மறுபடி உள்ளே வைத்திருக்கிறாள். நான் அறைக்குள்ளேயே இருக்கிறேன். அப்பா வழக்கம்போல எதற்கோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருப்பாய். பாதி சரிதான். பிரதேச செயலகத்தில் மொழிபெயர்ப்பாளர் என்று உன் நியமனக் கடிதத்தில் படித்தபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷமில்லை. உன் வயதில் இதே வேலைக்கு நான் பரீட்சை எழுதித் தேறினேன். என்னைவிடக் குறைவாக எழுதியவனுக்கு ஒரு பெரிய மனிதரின் சிபாரிசு இருந்தது, என்னிடம் இல்லை. அவன் அன்று போட்டிருந்த சட்டையின் நிறம்கூட எனக்கு மறக்கவில்லை. பிறகு வாத்தியாரானேன். அதிபர் பதவி எனக்கு வரவேண்டிய வருடத்தில் அதுவும் என்னைத் தாண்டிப் போயிற்று. இவற்றையெல்லாம் நீ சோற்றோடு சேர்த்துக் கேட்டு வளர்ந்தவன். எனக்கு யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று நீயே ஒப்பிப்பாய்.

நான் பிறருக்குச் செய்த ஒன்றை நீ கேட்டதில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொல்ல உட்கார்ந்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே பழி வேறு யார் தலையிலாவது போய் விழும். என்னை எனக்குத் தெரியும். நீ நாள் முழுவதும் செய்யப் போகிற வேலையை நான் வாழ்நாளில் கால் மணி நேரம் செய்திருக்கிறேன். அந்தக் கால் மணி நேரத்தில் ஒரு பெண்ணின் கையை முடக்கினேன்.

சென்ற வருடம் பெரியாஸ்பத்திரியில் என் நெஞ்சில் அந்த இயந்திரத்தை வைத்த நாட்கள் உனக்கு நினைவிருக்கும். இதயம் பலவீனப்பட்டு, தள்ள வேண்டிய ரத்தத்தைத் தள்ளாமல், கால் வீங்கி, படுத்தால் மூச்சுத் திணறி, மூன்று தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தேன். துடிப்பு தாறுமாறானால் உள்ளேயே அதிர்ச்சி கொடுத்து நேராக்கும் என்று சொல்லி, இடது தோளுக்குச் சற்றுக் கீழே தீப்பெட்டி அளவில் ஒன்றைத் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார்கள். துண்டு வெட்டி, அதாவது டிஸ்சார்ஜ் செய்து, வீட்டுக்கு அனுப்புகிற நாளில், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு தாள் தருவார்கள். அன்று தமிழ்த் தாள் முடிந்துபோயிருந்தது, சிங்களமும் இங்கிலீசும்தான் இருந்தன. நான் அங்கேயே சத்தம் போட்டேன். வாழ்நாள் முழுவதும் தமிழனுக்குத் தாள் முடிந்துபோவதைப் பார்த்தவன் நான், சும்மா இருப்பேனா? அந்த நர்ஸ் கெட்டிக்காரி. கோபப்படாமல், "சேர் டீச்சர்தானே? இங்கிலிஷ் தெரியும்தானே? இவங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்று வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த மூன்று பேரைக் காட்டினாள். என் கோபம் அந்த நிமிடமே பெருமையாக மாறிவிட்டது. இரண்டு கிழவர்கள், ஒரு பெண். அவள் பெயர் தெய்வானை. தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவளுக்கும் அதே வாரம் அதே இயந்திரம், அதே இடத்தில்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வகுப்பெடுக்கிற குரலில் வாசித்தேன். "இடது கரத்தைத் தோள் மட்டத்துக்கு மேல் உயர்த்துதல் ஆகாது. பாரம் தூக்குதல் ஆகாது." மூவரும் கோயிலில் நிற்பவர்களைப்போலக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தெய்வானை மட்டும், "எத்தன நாளைக்குங்க சேர்?" என்றாள். நான் வாசித்த பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. நர்ஸ் எட்டிக் கூப்பிடும் தூரத்தில்தான் நின்றாள். 'தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்' என்று நான் சொல்லியிருக்கலாம். வகுப்பில் ஒரு நாளும் சொல்லிப் பழகாத வார்த்தை அது. வாசிப்பை இடையில் நிறுத்தினாளே என்ற எரிச்சல் வேறு. "மெஷின் உள்ளே இருக்கிற வரைக்கும்" என்றேன். ஒரு கிழவர், "அப்ப சாகுற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்று சிரித்தார். தெய்வானை சிரிக்கவில்லை. இடது கையை மெதுவாக மடித்து வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். வெளியே நீ வேனோடு வந்து காத்திருந்தாய். மூவரும் எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார்கள். வழியெல்லாம் அந்தக் கும்பிடைப் பற்றி உன்னிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆறு கிழமை, ஒன்றரை மாதம், கழித்து நான் கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் என் கையைப் பார்த்துவிட்டு, "எதற்கு இதைத் தூளி கட்டியதுபோல வைத்திருக்கிறீர்கள்?" என்றார். தாளைச் சொன்னேன். "பின்பக்கம் பார்க்கவில்லையா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து தாளைத் திருப்பினேன். ஆறு கிழமைக்கு மட்டும்தான் அந்தக் கட்டுப்பாடு, அதன்பின் கையை நன்றாக அசைக்க வேண்டும், அசைக்காவிட்டால் தோள் இறுகிவிடும், நடையைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும், உடற்பயிற்சி வகுப்பு இருந்தால் சேர வேண்டும் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. அந்த வாங்கும் அந்த மூன்று பேரும் உடனே என் நினைவுக்கு வந்தார்கள். கிளினிக்கில் அவர்களுக்கும் சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெய்வானையின் தோட்டம் எனக்குத் தெரியும். அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் என்னிடம் படித்தவன் ஒருவன் வாத்தியாராக இருக்கிறான். ஒரே ஒரு ஃபோன் போதும். நான் எடுக்கவில்லை. எடுத்தால், தப்பாகச் சொன்னேன் என்று என் பழைய மாணவனிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். நோயாளி என்ற சலுகையை எனக்கு நானே கொடுத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

அதன்பிறகு ஐந்து மாதம் நான் எப்படிப் படுத்திருந்தேன் என்பது உனக்குத் தெரியும். நீயும் அம்மாவும் அந்த உடற்பயிற்சி வகுப்பைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் "ஏலாது" என்றேன். நம் ஊரில் அந்த ஒரு சொல் வசதியானது. முடியாது என்றாலும் அதுதான், உடம்புக்குச் சுகமில்லை என்றாலும் அதுதான். எதைச் சொல்கிறோம் என்று நமக்கே தெரியவேண்டியதில்லை. ஒரு நாள் நீ விடாமல் கேட்டபோது, "என்னச் சாகடிக்கத்தான் பாக்குற" என்று கத்தினேன். நீ என் செருப்பை எடுத்து வந்து வாசலில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றாய். அரை மணி நேரம் நின்றாய். அந்தப் பிடிவாதம் என்னுடையது, அந்த நிதானம் யாருடையது என்று தெரியவில்லை, நிச்சயமாக என்னுடையதல்ல. அன்று நான் செருப்பைப் போட்டேன்.

நம் ஊர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் நடக்கிற அந்த வகுப்புக்குத் தோட்டத்து ஆட்கள் வைத்திருக்கும் பெயர் 'நெஞ்சு கிளாசு'. புதன்கிழமைகளில் எட்டு ஒன்பது பேர் வருவோம். நடத்துகிறவள் நில்மினி மிஸ், கீழ்நாட்டுச் சிங்களப் பெண், உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். தமிழை நோயாளிகளிடமிருந்தே பொறுக்கிச் சேர்த்திருக்கிறாள். நான் போன முதல் நாள், அங்கே தெய்வானை இருந்தாள். இடது கையை முந்தானையால் சுற்றி உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர எழுந்து, "சேர், நல்லா இருக்கீங்களா? இவங்கதான் அன்னைக்கு எங்களுக்கு எல்லாம் வெளங்கச் சொன்னாங்க" என்று மற்றவர்களிடம் சொன்னாள். நில்மினி மிஸ் அவள் முந்தானையை அவிழ்த்து, முழங்கையைப் பிடித்து மேலே தூக்கப் பார்த்தாள். கை தோள்வரைகூட வரவில்லை. தெய்வானை பல்லைக் கடித்துக்கொண்டாள். "யாரு இத அசைக்க வேணாம் சொன்னது? கிளினிக்ல ஒருத்தரும் பார்க்கலயா?" "கிளினிக்குல நோவுதான்னு கேட்டாங்க மிஸ், இல்லைன்னேன். தூக்குனாத்தானே நோவும்? தூக்கவே கூடாதுன்னு ஆஸ்பத்திரி தாள்ல போட்டிருக்கே." மிஸ்ஸுக்கு வந்த கோபத்தில் அந்த ஆஸ்பத்திரியையும் அங்கிருந்த நர்சுகளையும் சிங்களத்தில் ஏசினாள். எனக்குச் சிங்களம் விளங்கும். ஒரு குற்றமும் செய்யாத பெண்கள் என் முன்னால் ஏச்சு வாங்கினார்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வகுப்பில் நில்மினி மிஸ் செய்வதை நீ ஒரு நாளாவது வந்து பார்த்திருக்க வேண்டும். நான் படித்த கலாசாலையில் எனக்குக் கற்பித்த எவரும் அவள் கால் தூசிக்கு வரமாட்டார்கள். உள்ளே வந்ததும் எங்களை நிறை பார்க்கிற தட்டில் ஏற்றுவாள், கணுக்காலை விரலால் அழுத்தி வீக்கம் பார்ப்பாள், காலையில் எடை பார்த்தீர்களா, மாத்திரை போட்டீர்களா, உப்பு எவ்வளவு என்று ஒவ்வொருவரிடமும் கேட்பாள். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள். பிறகு நடை. பின்கட்டு நடைபாதையில் இரண்டிரண்டு பேராக. அவளிடம் ஒரு சட்டம் உண்டு: பேசிக்கொண்டேதான் நடக்க வேண்டும். "பேச ஏலும், பாட ஏலாது. அப்படி நடந்தா சரி. பாட்டு வந்தா நீங்க சோம்பேறி. பேச்சு நின்னா நான் நிப்பாட்டுவேன்." எங்கள் நெஞ்சுக்குள் இருக்கிற இயந்திரம் எந்தத் துடிப்புக்கு மேலே போனால் அதிரும் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி வைத்திருப்பாள், அந்த எல்லைக்கு வெகு கீழேயே எங்களை நிறுத்துவாள். ஒரு நாள் அதிபர் பதவிக் கதையைச் சொல்லி என் நாடி ஏறிவிட்டது. அவள் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிவிட்டு, "கோபம் எக்ஸசைஸ் இல்ல சேர். இது கணக்குல வராது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் அந்தக் கதைக்குச் சிரிப்பு வந்தது அன்றுதான்.

என்னோடு நடக்க அவள் இணைத்துவிட்டது தெய்வானையை. பேசிக்கொண்டே நடக்க வேண்டும் என்பதால் தெய்வானை பேசினாள். புருஷன் இறந்து நான்கு வருடம். ஒரே மகள், உயர்தரம் படிக்கிறாள், கெட்டிக்காரி. இவர்கள் இருப்பது தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், ஒற்றை அறைக் காம்பரா. அதில் தங்க, வீட்டில் ஒருவருடைய பேராவது செக்ரோல் என்கிற தோட்டத்து வேலைப் புத்தகத்தில் இருக்க வேண்டும். இவள் எத்தனை மாதமாக வேலைக்குப் போகவில்லை என்பதைக் கங்காணி வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போகிறான். "பொங்கல் வரைக்கும் பாப்பாங்களாம் சேர். அதுக்குள்ள நான் மலைக்கு ஏறலன்னா எம் பேர வெட்டிட்டு மக பேரப் பதிஞ்சிருவாங்க. அவளும் சரிங்கிறா. நான் பெரட்டுக்குப் போறேம்மா, பரீட்ச எங்க ஓடிப் போகுதுங்கிறா. அவ பேரு அந்தப் புத்தகத்துல ஏறிருச்சுன்னா எறங்காதுங்க சேர்." காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற அந்தப் பெரட்டுக்களத்தில் என் அம்மா நின்றிருக்கிறாள். அங்கே நிற்கக் கூடாது என்பதற்காகவே என்னைப் படிக்க வைத்தாள். பேச்சு நின்றுவிட்டது. மிஸ் தூரத்திலிருந்து, "சேர், மூச்சு வாங்குதா?" என்று கத்தினாள். "இல்ல மிஸ்" என்றேன்.

நடப்பதில் தெய்வானைக்குக் கஷ்டமில்லை. மலையேறிய கால்கள் அவளுடையவை. மூச்சையும் இரண்டே மாதத்தில் பழக்கிக்கொண்டாள். கைதான் விஷயம். கொழுந்து எடுப்பது இரண்டு கைவேலை என்பது உனக்கும் தெரியும். பிடி நிறைந்ததும் இரண்டு கையையும் தோளுக்கு மேலே கொண்டுபோய், முதுகில் தொங்குகிற கூடைக்குள் பின்னால் எறிய வேண்டும். ஒரு கை தோளுக்கு வராவிட்டால் அவள் பாதி ஆள்கூட இல்லை. மிஸ் அவளுக்குச் சுவரில் விரலால் ஏறுகிற பயிற்சியைக் கொடுத்தாள்: சுவரைப் பார்த்து நின்று, இரண்டு விரலைப் பூச்சி நடப்பதுபோல மேலே நடத்துவது. தெய்வானை லயத்துச் சுவரில் அடுப்புக்கரியால் ஒவ்வொரு நாளும் எட்டிய இடத்தில் கோடு போட்டிருக்கிறாள். ஒரு நாள் கோடு முதல் நாளைவிடக் கீழே விழுந்தால் அதையும் போடுவாள், அழிக்க மாட்டாள். அந்தச் சுவரை அவள் ஃபோனில் எனக்குக் காட்டினாள். பாதிக்கு மேல் வலியில் அழுதபடி போட்ட கோடுகள் என்று மிஸ் பிறகு சொன்னாள், தெய்வானை சொல்லவில்லை. கை ஓரளவு வந்ததும், "இது போதும்தானே, காதுவரைக்கும் வருதுதானே" என்றாள் மிஸ். "காதுக்கு வந்து என்ன மிஸ் செய்ய? தோடா மாட்டப் போறேன்? பின்னால போவணும்" என்று தெய்வானை எறிந்து காட்டினாள். கொழுந்து எடுப்பதைப் பார்த்திராத கீழ்நாட்டுக்காரிக்கு அப்போதுதான் விளங்கியது. மறுவாரம் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடை ஒன்றைத் தெய்வானையின் முதுகில் மாட்டி, பட்டையை இயந்திரம் இருக்கிற தோளில் உரசாமல் தலையில் போட்டு, பழைய படிவங்களைக் கசக்கி எறியச் சொன்னாள். முதல் நாள் பாதிக்கு மேல் தரையில் விழுந்தன. எனக்கு அவற்றைப் பொறுக்குகிற வேலை, குனிந்து நிமிர்வது எனக்குப் பயிற்சியாம்.

நான் செய்ததை இவ்வளவுக்குப் பிறகும் நான் சொல்லவில்லை, கவனி. ஒவ்வொரு புதனும் சொல்லலாம் என்று போவேன். அவள் "சேர்" என்று எழுந்து நிற்பாள். அந்த மரியாதை போய்விடுமே என்று திரும்பி வருவேன். கடைசியில் நில்மினி மிஸ் ஒரு நாள், "சேர்ட தமிழ் நல்லம்தானே, இந்த வீட்டுத் தாள நல்லா தமிழ்ல எழுதித் தாங்க, நம்ம கிளாசுல குடுப்போம்" என்று அதே தாளைக் கையில் கொடுத்தாள். இரவு மேசையில் உட்கார்ந்தேன், இரண்டு வரி எழுதினேன், மூன்றாவது வரி இடது கை. பேனா நகரவில்லை. அடுத்த புதன் வகுப்பு தொடங்கும் முன் வாங்கில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். தாள் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன், பின்பக்கம் பார்க்கவில்லை, பார்த்த பிறகும் உனக்குச் சொல்லவில்லை என்று முழுவதையும். அவள், "பின்பக்கத்துல போட்டிருந்துச்சுங்களா?" என்று மட்டும் கேட்டாள். எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்று, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விரலை ஏற்றத் தொடங்கினாள்.

இரண்டு புதன் அவள் என்னோடு பேசவில்லை. சேர்ந்து நடந்தோம், வாயைத் திறக்கவில்லை. மிஸ், "ரெண்டு பேரும் சண்டையா? பேசாம நடந்தா நான் எப்படி மூச்சுப் பார்க்கிறது?" என்று தலையில் கை வைத்தாள். கோபம் சாதிப்பதில் நான் தேர்ந்தவன், ஆனால் அதற்கு எதிர்ப்பக்கத்தில் நின்று எனக்குப் பழக்கமில்லை. எனக்கு அநியாயம் செய்த ஒருவனும் என்னிடம் வந்து ஒப்புக்கொண்டதில்லை என்று நான் உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். ஒப்புக்கொண்டவனுக்கும் நிம்மதி வந்துவிடுவதில்லை என்று அந்த இரண்டு வாரத்தில் தெரிந்துகொண்டேன். மூன்றாவது புதன் அவளே வந்தாள். எழுந்து நிற்கிற மரியாதை எல்லாம் இல்லை. "மொதக் கிழமை உங்கள ஏசாத ஏச்சு இல்ல சேர். ராவெல்லாம் ஏசினேன். தோட்டத்துல வேற யாராவது சொல்லியிருந்தா, போடான்னுட்டு ஒரு மாசத்துல கையத் தூக்கியிருப்பேன். படிச்சவங்க சொன்னதாச்சேன்னுதான் அப்பிடியே இருந்துட்டேன்." அதே மூச்சில், "அந்தத் தாள எழுதிட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "பின்ன என்ன குந்திக்கிட்டு இருக்கீங்க? எழுதிக் கொண்டாங்க, பாப்போம்."

எழுதிக்கொண்டு போனேன். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள், எழுத்துக்கூட்டி வாசித்தாள். "'உயர்த்துதல் ஆகாது'ன்னா என்னங்க இது, கோயில் போர்டு மாதிரி? தூக்காதீங்கன்னு போடுங்க." போட்டேன். பின்பக்கமே இருக்கக் கூடாது, ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும் என்றாள். 'ஆறு கிழமைகளுக்கு' என்று நான் அடிக்கோடிட்டு எழுதியிருந்த இடத்துக்கு வந்தபோது நிறுத்தினாள். "எப்பருந்து எண்ணுறது? தையல் போட்ட நாளா, துண்டு வெட்டுன நாளா? வீட்டுக்குப் போனா இருக்கிற பாட்டுல யாரு சேர் கிழமைய எண்ணிக்கிட்டு இருப்பா? 'இன்ன தேதியிலருந்து கையத் தூக்கலாம்'னு எழுதி ஒரு கோடு விடுங்க. நர்ஸ் அந்தக் கோட்டுல தேதியப் போடட்டும். அதுவும் மொத வரியிலயே. தூக்கக் கூடாதுங்கிறது ரெண்டாவது வரட்டும்." நில்மினி மிஸ்ஸிடம் சொன்னபோது, அவள் தெய்வானையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பட்டதாரி நான், டொக்டர்கள் பார்த்த தாள், அச்சடித்த தாள். எங்கள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. யாருடைய கை இறுகிப்போனதோ அவளுக்குத்தான் தோன்றியது.

மார்கழிக் கடைசியில் டொக்டர் அவளைப் பரிசோதித்து, பாரம் குறைத்து, நேரம் குறைத்து வேலைக்கு விடலாம் என்று கடிதம் கொடுத்தார். தோட்டத்துத் துரைக்கு அதைத் தமிழிலும் சிங்களத்திலும் நான் எழுதிக் கொடுத்தேன், ஒவ்வொரு வரியையும் அவளுக்கு வாசித்துக் காட்டிய பிறகே உறையில் போட்டேன். பொங்கலுக்கு நான்கு நாள் முன்னால் அவள் பெரட்டுக்குப் போனாள். அன்று பின்னேரம் நான் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்ததைப் பார்த்து நீ என்ன என்று கேட்டாய், மழுப்பினேன். கடைசியில் அவளே கூப்பிட்டாள். "இன்னைக்குப் புத்தகத்துல பேரு விழுந்துருச்சு சேர்!" "முழுப் பேரா?" என்றேன். "இல்லீங்க, அரைப் பேரு." எனக்குச் சுர்ரென்று ஏறியது. எடுத்த கொழுந்து எடைக்குக் குறைந்தால் அரை நாள் என்று போடுகிற அந்த அரைப் பேரை என் அம்மா வாங்கிக்கொண்டு வந்து அழுததைப் பார்த்தவன் நான். அநியாயம், நான் துரைக்கு எழுதுகிறேன் என்று தொடங்கினேன். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "என் நெஞ்சே அரைப் பேருதானுங்களே போடுது சேர்! அதுக்கு மேல கேட்டா உள்ள இருக்கிறது ஒதைக்கும். அரையோ முழுசோ, புத்தகத்துல இருக்கிறது எம் பேரு. எம் மக பேரு இல்ல." அவள் மகள் இப்போது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

தெய்வானைக்கு இதயம் குணமாகிவிட்டது என்று நினைத்துவிடாதே, எனக்கும் ஆகவில்லை. இரண்டு பேருக்கும் மாத்திரை இருக்கிறது, காலை எடை இருக்கிறது, சில நாள் கால் வீங்குகிறது, சில நாள் அவள் வேலைக்குப் போவதில்லை. ஆனால் நீ ஊரில் இல்லாதபோது இந்த அப்பாவுக்கு என்ன ஆகுமோ என்று வாரக் கடைசிகளில் ஓடி ஓடி வரத் திட்டம் போட்டிருக்கிறாயே, அது வேண்டாம். கடைவீதிவரை பேசிக்கொண்டே நடந்து போய் வருகிறேன். பேச ஆள் இல்லாவிட்டால் தனியே பேசுகிறேன், அந்தப் பேச்சில் எனக்கு அநியாயம் செய்தவர்களின் பெயர்களை மெல்ல மெல்லக் குறைத்து வருகிறேன். உன் கடிதத்தைப் பார்த்ததும் வந்த பொறாமையும் நடந்து நடந்து இறங்கிவிட்டது. நீ சிபாரிசு இல்லாமல் வாங்கிய வேலை அது. அரை மணி நேரம் வாசலில் நிற்கத் தெரிந்தவன், என்னைவிட நன்றாகச் செய்வாய்.

இந்தப் புதன் வகுப்பில் உன்னைப் பற்றிச் சொன்னேன். தம்பிக்கு என்ன வேலை என்று தெய்வானை கேட்டாள். சிங்களத்தில் வருகிறதைத் தமிழில் சொல்வது, தமிழில் சொல்கிறதைச் சிங்களத்தில் எழுதுவது, தோட்டத்து ஆட்கள்தான் அதிகம் வருவார்கள் என்றேன். பிழையில்லாமல் செய்யச் சொல்லி எழுதப் போகிறேன் என்றும் சொன்னேன். நடைபாதையின் முனைவரை போய் அவள் திரும்பினாள். பிறகு சொன்னாள்: "பெழ எல்லாருக்கும் வரும் சேர். அன்னைக்கு நீங்க மெஷின் இருக்கிற வரைக்கும்னு சொன்னப்பவே எனக்கு அது சரியாப் படல. இன்னொரு தடவ கேக்கணும்னு இருந்துச்சு. உங்க மூஞ்சியப் பாத்தேன், கேக்கல. தம்பிகிட்ட அத மட்டும் சொல்லுங்க. ஆளுங்க ரெண்டாந் தடவ கேக்குற மாதிரி மூஞ்சிய வச்சுக்கச் சொல்லுங்க."

அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை.

அப்பா